ஸோர்ஜெட்டோவில் இறங்க டிக்கெட் கிடையாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் இத்தாலியின் இஸ்கியா தீவைப் பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். நேப்பிள்ஸ் வளைகுடாவில் இருக்கும் அந்த எரிமலைத் தீவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் முதலில் நன்றி. ஆனால் கட்டுரையில் இருந்ததெல்லாம் வெந்நீர்க் குளம் வைத்த பெரிய ஓட்டல்கள், தேனிலவு அறைகள், டிக்கெட் வாங்கி உள்ளே போகிற வெந்நீர்ப் பூங்காக்கள், அவ்வளவுதான். 2,700 வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இதெல்லாம் கோடீஸ்வரன் போகிற இடம் சார்" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, இந்தக் கடிதமும் அதனால்தான்.

நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், மயிலாடுதுறைக்காரன். மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போன இடத்தில் ஐப்பசி மாதம் நானும் என் மனைவியும் அவனோடு இஸ்கியா போய் வந்தோம். ஜெர்மன்காரர்களுக்கு அந்தத் தீவு ரொம்ப நாள் பழக்கம், அவர்கள் நாட்டின் முன்னாள் சான்சலர் ஆங்கெலா மெர்க்கெல் கூட அங்கே சாந்த் ஆஞ்செலோ என்கிற சின்ன ஊருக்கு விடுமுறைக்கு வந்து போனவர். விமானச் செலவும் விசா அலைச்சலும் இருக்கத்தான் செய்கிறது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தீவுக்குள் கால் வைத்த பிறகு நாங்கள் பார்த்த நல்ல விஷயங்களில் பாதிக்குக் காசே கிடையாது, மீதிக்குப் பெரிய காசு கிடையாது. அதை உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் ஸோர்ஜெட்டோ. தீவின் தென்மேற்கில் பான்சா என்கிற ஊருக்குக் கீழே ஒரு சின்ன வளைகுடா. பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பாறைச் சரிவில் படி ஆரம்பிக்கிறது, 200க்கு மேல் படிகள். முட்டி வலிக்காரர்களுக்கு இறங்குவதைவிட ஏறுவதுதான் சிரமம், ஆனால் சாந்த் ஆஞ்செலோவில் இருந்து சின்னப் படகும் வருகிறது, என் மனைவியை அதில்தான் கூட்டிப் போனோம். கீழே மணல் இல்லை, கூழாங்கல்லும் பாறையும்தான். கடலோரத்திலேயே கல் இடுக்குகளில் இருந்து வெந்நீர் ஊறி வந்து கடல் தண்ணீரோடு கலக்கிறது. ஊற்று வாயில் தொட்டால் வெந்துவிடும், அவ்வளவு சூடு. இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் நாம் குளிக்க வைக்கிற பக்குவம். இன்னும் இரண்டடி போனால் பச்சைத் தண்ணீர். அலை வரும்போது சூடு இறங்குகிறது, அலை போனதும் ஏறுகிறது. அதனால் வந்தவர்கள் எல்லாம் கல்லை எடுத்து அரைவட்டமாக அடுக்கித் தங்களுக்கு ஒரு தொட்டி கட்டிக்கொள்கிறார்கள், எழுந்து போகும்போது அதை அடுத்தவருக்கு அப்படியே விட்டுப் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர் அம்மா ஒருவருக்கும் எங்களுக்கும் பொதுவான பாஷை எதுவும் கிடையாது. என் மனைவி சூடு தாங்காமல் காலை இழுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து கடல் பக்கத்துக் கல் ஒன்றை உருவிவிட்டார். குளிர்ந்த தண்ணீர் அளவாக உள்ளே வந்தது. அவர் கையைக் காட்டி "இப்போது வை" என்கிற மாதிரி சிரித்தார், இவளும் முட்டி மூழ்க உட்கார்ந்துவிட்டாள். சற்றுத் தள்ளி இளவட்டங்கள் ஊற்று வாயில் முட்டையும் உருளைக்கிழங்கும் வேகப் போட்டிருந்தார்கள். வாசலில் டிக்கெட் கொடுக்கிறவர் யாரும் இல்லை. நுழைவுக் கட்டணம், நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, ராத்திரியிலும் ஆட்கள் வருகிறார்களாம்.

துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுக்குக்கு வருகிறவர்களிடம் நாம் காசு வாங்கிக்கொண்டா காவிரியில் இறங்க விடுகிறோம்? கடைமுழுக்குக்கு வந்து சேர முடியாதவர்களுக்காகக் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு என்று ஒரு நாளே ஒதுக்கி வைத்த ஊர் எங்களுடையது. தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று நினைக்கிற நம்ம பக்கத்து ஜனங்களுக்கு இஸ்கியாவில் முதலில் சொல்ல வேண்டியது ஸோர்ஜெட்டோதான். உங்கள் கட்டுரையில் அந்தப் பேரே இல்லை.

அந்த வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் இரண்டு வரி சொல்லியிருக்கலாம். தீவின் நடுவில் எப்போமெயோ மலை, 789 மீட்டர். பார்த்தால் எரிமலைக் கூம்பு மாதிரி தெரியும், ஆனால் அது வாய் வைத்த எரிமலை இல்லை. சுமார் 55,000 வருஷத்துக்கு முன் நடந்த ஒரு பெரிய வெடிப்பில் தரை உள்வாங்கி, அந்தப் பள்ளத்தில் கடலுக்கடியில் சாம்பல் படிந்து பாறையாகி, பிறகு அடியில் இருந்த பாறைக்குழம்பு அந்த மொத்தப் பாளத்தையும் மேலே தூக்கிவிட்டதில் உண்டானது இந்த மலை. கடல் தண்ணீரில் ஊறியதால் அந்தக் கல்லுக்கு ஒரு பச்சை நிறம் இருக்கிறது. அதிலேயே வீடு குடைந்திருக்கிறார்கள், அதிலேயே திராட்சைத் தோட்டத்துக்கு வரப்புச் சுவர் எடுத்திருக்கிறார்கள், சுண்ணாம்பு சிமெண்டு எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக. பெரிய கோயிலுக்கே வெளியில் இருந்து கல் கொண்டுவந்த டெல்டாவில் பிறந்தவனுக்கு ஒரு தீவே கல்லாக நிற்பது பெரிய ஆச்சரியம். அந்தச் சுவர்களுக்கு நடுவில் கருமண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன், லேசாக, பொலபொலவென்று இருந்தது. நம்ம களிமண்ணில் நடந்தால் காலோடு வரும், இது விரல் இடுக்கில் உதிர்ந்து போகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். மலையில் பெய்கிற மழை அடியில் இறங்குகிறது, சுற்றியுள்ள கடல் தண்ணீரும் கசிகிறது, கீழே இன்னும் ஆறாத சூட்டில் காய்ந்து, வெடிப்புகள் வழியாக மேலே வருகிறது. அதனால் ஊற்றுக்கு ஊற்று சூடும் உப்பும் வேறு வேறு.

மரோண்டி கடற்கரையும் காசு இல்லாத இடம். ஒரு பகுதியில் மணலே சுடும், ஆவி புகையும், செருப்பில்லாமல் நிற்க முடியாது. அதன் பக்கத்தில் காவஸ்கூரா என்கிற பள்ளத்தாக்கில் ரோமானியர் காலத்தில் இருந்தே குளித்து வந்த, பாறையில் குடைந்த வெந்நீர்த் தொட்டிகள் இருக்கின்றன. அங்கே கட்டணம் உண்டு. ஆனால் பெரிய பூங்காக்களின் படாடோபம் இல்லை.

அப்புறம் நித்ரோதி. பரானோ ஊர்ப் பக்கம் மலைச்சரிவில் இருக்கும் ஊற்று, 28 டிகிரிதான், வெதுவெதுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. இங்கேயும் டிக்கெட் உண்டு. ஆனால் நான் போகச் சொல்வது குளிக்க மட்டும் இல்லை. 1700களில் இந்த ஊற்றுக்குப் பக்கத்தில் ரோமானியர் காலத்துச் சலவைக்கல் பலகைகள் கிடைத்தன, இப்போது அவை நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்போலோ தெய்வமும் தண்ணீர்க் கன்னிகளும் செதுக்கிய பலகைகள், நோய் தீர்ந்தவர்கள் நேர்ந்துகொண்டு வைத்தவை. நம்ம ஊர்க் குளக்கரையில் ஏழு கன்னிமாருக்குக் கல் நட்டு மஞ்சள் பூசி வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த என் மனைவி அந்தப் பலகை முன்னால் நின்று பார்த்துவிட்டு, "இங்கேயும் கன்னிமார்தான்" என்றாள். எந்தக் கையேடும் எங்களுக்கு இதைவிட நன்றாக விளக்கவில்லை. நேப்பிள்ஸில் ஒரு நாள் தங்குகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தீவுக்குப் போனால் நல்லது.

வெந்நீர் பணக்காரர் சமாச்சாரம் என்பது அந்தத் தீவின் சரித்திரத்துக்கே பொருந்தாத பேச்சு. 1588லேயே ஜூலியோ யஸோலினோ என்கிற வைத்தியர் இஸ்கியாவின் ஊற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது எந்த உபாதைக்கு என்று எழுதி அச்சிட்டார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, நேப்பிள்ஸில் பிரபுக்கள் சேர்ந்து நடத்திய பியோ மோன்தே என்கிற தர்ம ஸ்தாபனம், ஏழை நோயாளிகள் வந்து தங்கி வெந்நீர் வைத்தியம் செய்துகொள்ள கசமிச்சோலாவில் ஆஸ்பத்திரி கட்டியது. படகேறிப் போய் அங்கே குளித்து வந்தவர்கள் கையில் காசில்லாதவர்கள். ஓட்டல்கள் எல்லாம் ரொம்பப் பிந்தி வந்தவை.

கசமிச்சோலா என்று எழுதியதும் இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரை 'அழகிய வெந்நீர் நகரம்' என்று மட்டும் எழுதி நகர்ந்துவிட்டீர்கள். 1883 ஜூலை 28 அன்று இரவு பூகம்பத்தில் அந்த ஊர் தரைமட்டமானது, 2,300 பேருக்கு மேல் போனார்கள். இத்தாலியின் பெரிய தத்துவ அறிஞர் பெனெதெத்தோ க்ரோச்சே அப்போது 17 வயதுப் பையன், அப்பா அம்மா தங்கை மூவரையும் அதில் இழந்தார், அவரை மட்டும் இடிபாட்டில் இருந்து உயிரோடு எடுத்தார்கள். 2017 ஆகஸ்டில் மறுபடியும் ஒரு நடுக்கம், இரண்டு பேர் இறந்தார்கள். இடிந்த வீட்டுக்குள் இருந்து அண்ணன் தம்பிகளான மூன்று சிறுவர்களை மீட்டதை உலகமே டிவியில் பார்த்தது. 2022 நவம்பர் 26 விடிகாலையில் பேய்மழை பெய்து, மலையில் இருந்து சேறும் பாறையும் இறங்கி 12 பேரைக் கொண்டு போனது, அதில் குழந்தைகளும் உண்டு. சரிவுகளில் அனுமதி இல்லாமல் கட்டிய வீடுகளைப் பற்றி அந்த நாட்டில் இன்னும் சண்டை நடக்கிறது. ஊருக்கு வெந்நீர் கொடுக்கிற அதே நிலம்தான் ஆடவும் செய்கிறது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பட்டதையும், 2018ல் கஜா அடித்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததையும் பார்த்த வாசகர்கள் நாங்கள், இதை மறைத்து எழுத வேண்டிய அவசியம் எங்களிடம் இல்லை. கசமிச்சோலாவில் டீக்கடை மாதிரி ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தபோது மேலே மலையில் மண் சரிந்த தடம் பழுப்பாகத் தெரிந்தது, கடைக்காரர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தார். எங்களுக்கு அது பழக்கமான முகம்.

இனி நான் அதிகம் எழுத நினைக்கிற இடம். லாக்கோ அமேனோ ஊரில் வில்லா அர்புஸ்தோ என்று ஒரு அருங்காட்சியகம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூபோயா தீவுக் கிரேக்கர்கள் வந்து குடியேறிய பித்தேகூசை என்கிற ஊரில் தோண்டியெடுத்தவை அங்கே இருக்கின்றன. கிரேக்கர்கள் மேற்கே வந்து அமர்ந்த முதல் இடங்களில் அது ஒன்று. ஜோர்ஜோ புக்னர் என்கிற தொல்லியலாளர் 1954ல் ஒரு கல்லறையில் எடுத்த கிண்ணம் ஒன்று கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. உடைந்த சில்லுகளை ஒட்டியது, அங்கங்கே காணாமல் போன துண்டு. உள்ளங்கையில் அடங்கும் போலிருந்தது. பக்கவாட்டில் கூரிய எதாலோ கீறிய மூன்று வரி, வலமிருந்து இடமாக. ஹோமரின் இலியட் காவியத்தில் வருகிற நெஸ்டர் என்கிற கிழ அரசனின் கிண்ணத்தைப் பேர் சொல்லி, இதில் குடிக்கிறவனை உடனே காதல் ஆசை பிடித்துக்கொள்ளும் என்று யாரோ விருந்தில் விளையாட்டாகக் கீறி வைத்திருக்கிறார்கள். கிரேக்க எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய வரிகளில் அதுவும் ஒன்று. பானை ஓட்டில் பேர் கீறி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் அந்தப் பேழை முன்னால் ஒரு நிமிஷம் அதிகமாகத்தான் நிற்போம். எங்களைத் தவிர அந்த அறையில் அன்று யாரும் இல்லை.

இன்னொன்று, கர்தரோமானா விரிகுடா. ரோமானியர் காலத்தில் ஏனாரியா என்று ஒரு துறைமுகக் குடியிருப்பு அங்கே இருந்தது. நிலம் உள்வாங்கியதில் கடலுக்குள் போய்விட்டது. 1970களில் முக்குளிப்பவர்களுக்குப் பானைத் துண்டும் ஈயமும் தட்டுப்பட்டன. 2011ல் இருந்து முறையாகத் தோண்டி, படகுத்துறைச் சுவரையும் மரக் கம்பங்களையும் வெளியே காட்டினார்கள். இப்போது அடியில் கண்ணாடி பதித்த படகில் உள்ளூர்க்காரர்களே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். நாங்கள் போன படகில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம், எல்லாம் குப்புறப் படுத்து மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அடியில் பச்சையாகத் தெரிந்த சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பூம்புகார் எங்கள் ஊரில் இருந்து பஸ் தூரம். கீழையூரில் செங்கல்லில் கட்டிய படகுத்துறையைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், கடலடியிலும் தேசியக் கடலியல் நிறுவனம் தேடியிருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் யாராவது கடலுக்குள் போன பட்டினத்தின் ஒரு கல்லைக் கண்ணால் பார்த்திருக்கிறார்களா? நம்ம கடல் கலங்கல், அலை வேகம் வேறு, அதே கண்ணாடிப் படகு இங்கே ஓடாது என்று எனக்கும் தெரியும். வேறு வழியில் காட்டலாம், படம் எடுத்துக் காட்டலாம், கரையில் மாதிரி கட்டிக் காட்டலாம். ஏனாரியாவைப் பற்றி நம்ம ஊர்ப் பேப்பர் எழுதினால் நாலு பேர் இதைக் கேட்பார்கள், அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோட்டையை உங்கள் கட்டுரையும் படத்தோடு போட்டிருந்தது, அதனால் சுருக்கமாக. கடலுக்குள் தனியாக நிற்கும் பாறைமேல் கோட்டை, முதலில் கி.மு. 474ல் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகர அரசன் ஹியெரோன் காலத்தில் ஏற்பட்டதாகச் சொல்வார்கள். அரகோன் அரசர் அல்ஃபோன்ஸோ 1441ல் பாலம் போட்டுக் கரையோடு சேர்த்தார். கவிஞர் வித்தோரியா கொலோன்னாவின் கல்யாணம் 1509ல் அங்கேதான் நடந்தது, பிற்காலத்தில் மைக்கேலாஞ்சலோவுக்கு நெருங்கிய தோழி அவர். 1809ல் ஆங்கிலேயர் பீரங்கி அடித்ததில் உள்ளே இருந்த பெரிய தேவாலயம் கூரை இல்லாமல் நிற்கிறது. கன்னியாஸ்திரி மடத்துக்கு அடியில் கல் இருக்கைகள் வரிசையாக உண்டு, இறந்துபோன சகோதரிகளை அதில் உட்கார வைத்துவிடுவார்களாம், மற்றவர்கள் தினமும் வந்து பக்கத்தில் ஜபம் செய்வார்களாம். மனசு கலங்கும் இடம், குழந்தைகளைக் கூட்டிப் போவதற்கு முன் யோசியுங்கள். மேலே போக லிஃப்ட் இருக்கிறது, வயதானவர்கள் கவலைப்பட வேண்டாம்.

போக நினைக்கிறவர்களுக்கு நடைமுறை விஷயம் கொஞ்சம், இதுவும் கட்டுரையில் இல்லை. நேப்பிள்ஸில் இருந்தும் பொத்ஸுவோலியில் இருந்தும் கப்பல் உண்டு. வேகப் படகு ஒரு மணிக்குள் போகும், கார் ஏற்றும் பெரிய கப்பல் ஒன்றரை மணி நேரம் எடுக்கும், ஆனால் டிக்கெட் குறைவு, மேல்தளத்தில் காற்றாட நிற்கலாம். இஸ்கியா போர்த்தோவில் கப்பல் நுழைகிற வட்டமான துறைமுகம் ஒரு பழைய எரிமலை வாய், ஏரியாக இருந்ததை 1854ல் கரையை வெட்டிக் கடலோடு சேர்த்தார்கள். அதை அறிந்துகொண்டு உள்ளே போனால் அந்த நுழைவே வேறு மாதிரி இருக்கும். தீவைச் சுற்றி பஸ் ஓடுகிறது, கூட்டமாக இருக்கும், நின்றுகொண்டே போகப் பழகியவர்கள்தானே நாம். கடைசியாக எரிமலை பொங்கியது 1302ல், அந்தக் குழம்பு ஓடி உறைந்த இடத்தில் இப்போது பைன் மரக்காடு, சும்மா நடந்து பார்க்கலாம். பெரிய வெந்நீர்ப் பூங்காக்கள் குளிர்காலத்தில் மூடிவிடும், சித்திரையில் இருந்து ஐப்பசி வரைதான். கார்த்திகை மழையில் போகாதீர்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டில் அந்தத் தீவின் பேர்போன அயிட்டம் முயல் கறி, சைவக்காரர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். பாஸ்தாவும் மொச்சை மாதிரிப் பயறும் சேர்த்துச் செய்வார்கள், தக்காளி பீட்சா எங்கேயும் கிடைக்கும். நேப்பிள்ஸில் இலங்கைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் கடைகளில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை கிடைக்கும், வாங்கிக்கொண்டு போனால் சமையலறை உள்ள வீட்டில் தங்கலாம், செலவு பாதியாகும்.

வெந்நீரில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும், வெளியே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கலாம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஸோர்ஜெட்டோ ஊற்று வாய்ப் பக்கம் போகவே வேண்டாம், சுடுவது தெரியாது, புண்ணாகிவிடும். 'சர்வரோக நிவாரணி' என்று கட்டுரையில் இருந்த வார்த்தையை நீங்கள் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மனைவிக்கு முட்டி வலி அந்த நாட்களில் குறைந்தது, ஊருக்கு வந்த பிறகு மாத்திரையும் பயிற்சியும் தொடர்கிறது. அந்த அளவுக்குச் சொன்னால் போதும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லை என்றால் கோட்டையையும் சாப்பாட்டையும் எடுத்துவிடுங்கள், ஸோர்ஜெட்டோவையும் ஏனாரியாவையும் டாக்டரைக் கேட்கச் சொன்னதையும் மட்டும் தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேளாண்மை அலுவலர்,
மயிலாடுதுறை.